மாமா சொன்ன நரம்பு

அந்தப் பையக் கொஞ்சம் விரிச்சுக் காட்டுங்க தம்பி. பயப்படாதீங்க, புடுங்கிட்டு ஓட மாட்டேன். ஓடுற பஸ்ஸுல இருந்து குதிக்கிற வயசா எனக்கு? ம்... பச்சைக் கலரு பின்னல் நூலு. எவன் உங்க தலையில கட்டுனான் இத? கடைக்காரனா? கடைக்காரன் கட்டத்தான் செய்வான். அவன் கடையில இது ரெண்டு வருசமாத் தூசி குடிச்சுக்கிட்டு கிடந்திருக்கும். நீங்க மதுரையில இருந்து புதுத் தொப்பியும் போட்டுக்கிட்டு வந்து நின்னிருக்கீய. விடுவானா?

படகை ஓட்டிக்கிட்டே பின்னால தூண்டிலை இழுத்துட்டுப் போகப் போறீய, அப்படித்தானே? வாடகைப் படகு, கூட்டாளிங்க நாலு பேரு, ஐஸ்பெட்டி நிறைய பீரு. போங்க, நல்லா போங்க. ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க. படகு இந்தப் பக்கம் ஓடும், சீலா மீனு எதிர்ப்பக்கம் இருந்து வெறி பிடிச்சு வந்து அடிக்கும். அந்த அடியில நூலு கொஞ்சமாவது நீண்டு கொடுக்கணும். இந்தப் பச்சை நூலு கொடுக்காது. புது மருமகள் மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்கும். ஒண்ணு மீனு வாய் கிழியும், இல்ல தூண்டில் நிமிரும், இல்ல உங்க விரலு போகும். இழுத்து ஓட்டுறதுக்கு நைலான் நரம்புதான் தம்பி. எண்பதாம் நம்பரு. அடிச்சா நீளும், பெறவு சுருங்கும், மீனும் உங்களுக்கு, விரலும் உங்களுக்கு.

சரி, முன்கயிறு என்ன வாங்கியிருக்கீய? தூண்டிலுக்கு முன்னால ஒரு பாகம், ரெண்டு கையையும் விரிச்ச நீளத்துக்கு, வேற கயிறு கட்டணும்லா, கடைக்காரன் லீடர்ம்பான், அது. காட்டுங்க. கம்பி! ஆ, இதுல ஒண்ணாவது உருப்படியா வாங்கியிருக்கீய. சீலாவோட பல்லப் பாத்திருக்கீயளா? எங்க பாக்க, நீங்கல்லாம் வஞ்சிரம்னு துண்டு போட்டு வச்சதத்தானே பாத்திருப்பீய. தலையே இருக்காது, பல்லு எங்க இருக்க. அது வாய் பூரா கத்திரிக்கோலு. நைலான் அதுக்கு இடியாப்பம். கம்பி இல்லாமச் சீலாவுக்குப் போறவன் ஒண்ணு பைத்தியக்காரன், இல்ல எவனோ ஒருத்தன் அவனுக்கு வேணும்னே தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கான்.

அந்த எவனோ நான்தான். சிரிக்காதீங்க. விஷயத்தக் கேளுங்க, நியாயம் யாரு பக்கம்னு பெறவு சொல்லுங்க. இன்னும் அரை மணி நேரத்துல நான் இறங்கிருவேன்.

எம்பேரு தொபியாஸ். எங்க ஊருல பால்குடி மறக்காத புள்ளையக் கேட்டாலும் சொல்லும், தொபியாஸ் கட்டுன கயிறு அறுந்ததாச் சரித்திரமே கிடையாதுன்னு. நாங்க தூண்டில்காரங்க தம்பி. பக்கத்து ஊரு இருக்கே, பனங்காட்டுக்கு அந்தப் பக்கம், அது பூரா வலைக்காரங்க. ஒரே கடல், ஒரே மாதா கோயிலு, பூசை வைக்க ஒரே சாமியாரு. ஆனா அவங்க வேற, நாங்க வேற. வலைக்காரன் என்ன செய்வான்? வலையப் போடுவான், துண்ட விரிப்பான், தூங்குவான். மீனு தானா வந்து கழுத்தக் குடுக்கும். அதுக்கு மூளை எதுக்கு? தூண்டில்காரன் அப்படி இல்ல. காத்தப் பாக்கணும், தண்ணி கலங்கலா தெளிவான்னு பாக்கணும், மீனு இன்னைக்கு என்ன நெனைப்புல இருக்குன்னு பாக்கணும். எங்க அப்பா சொல்லுவாரு, வலைக்காரன் வீட்டுக் கோழிக்கு எங்க வீட்டுச் சேவலக் கூட விட மாட்டேன்னு. அவ்வளவு சுத்தம்.

எனக்கு ஒத்தப் புள்ள. ஜெஸ்லின். எம் படகுல தொங்குற தூண்டில் ஒவ்வொண்ணும் அவ கட்டுனதுதான். கம்பியத் தூண்டில் காதுல விட்டு, அதுலயே சுத்தி முறுக்குவா பாருங்க, மெசினு செய்யாது. அவ்வளவு புத்தி உள்ள புள்ள, திருச்செந்தூருக்குக் கம்ப்யூட்டரு படிக்கப் போற பஸ்ஸுல எவனப் பாத்திருக்கான்னு நெனைக்கீய? பக்கத்து ஊர்க்காரன. வலைக்காரன. டெல்வின்னு பேரு.

எம் பொஞ்சாதி புளோரா வந்து சொல்லுதா, "பையன் நல்ல பையனாம், குடி கிடையாதாம், சொந்தமா வள்ளம் இருக்காம்." நான் கேட்டேன், குடிக்காதவன் கடலுக்குப் போயி என்ன செய்யுதான், ஜெபமாலை சொல்லுதானான்னு. அவ சொல்லுதா, "நீங்க குடிச்சு என்னத்தக் கிழிச்சீய?"ன்னு. இப்படித்தான் தம்பி, எங்க வீட்டுல எனக்கு மரியாத.

நான் நேரடியா முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. ஏன்னா நான் நியாயஸ்தன். எங்க ஊருல ஒரு வழக்கம் உண்டு. நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை ஒரு முழுச் சீலா கொண்டு வரணும். ஓடுற படகுல, தூண்டில் போட்டு, தன் கையால பிடிச்சது. வலையில விழுந்தது செல்லாது, ஏலத்துல எடுத்தது செல்லாது. அதப் பொண்ணு வீட்டு வாசல்ல வைக்கணும். பொண்ணோட தகப்பன் அரிவாள எடுத்து மீனுத் தலைய வெட்டணும். வெட்டினா சம்மதம். வெட்டலன்னா மீனத் தூக்கிட்டுப் போயிரலாம். இந்த வழக்கம் இப்போ யாரும் பாக்கிறது கிடையாது, அது வேற விஷயம். எனக்கே எங்க அண்ணன் பிடிச்ச மீனத்தான் கொண்டு போனாங்க. அது கிடக்கட்டும். வழக்கம்னா வழக்கம்தானே?

"சாம்பல் புதனுக்குள்ள கொண்டு வரணும்"னு சொல்லிட்டேன். தவக்காலம் தொடங்கிட்டா எங்க சபையில கல்யாணப் பேச்சு கிடையாது பாருங்க. அதுக்குள்ள கொண்டு வரலன்னா எங்க அக்கா மகனுக்குப் பேசி முடிச்சிருவேன். ஜெஸ்லின் சரின்னுட்டா. "அவரு கொண்டு வருவாரு"ன்னா. அவருங்கா! அவளத் தூத்துக்குடியில அவ சித்தி வீட்டுக்கு அனுப்பி வச்சு, போனையும் வாங்கி அலமாரியில போட்டுப் பூட்டிட்டேன். பரிட்சைன்னு ஒண்ணு வச்சா காப்பி அடிக்க விடக்கூடாது.

அடுத்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வெளியில வாறோம். அந்தப் பய வந்து நிக்கான். வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை. கோயில் வாசல்ல, அத்தனை பேரு முன்னாலயும் கேக்கான், "மாமா, எனக்குத் தூண்டில் தெரியாது. என்ன நரம்பு, என்ன முன்கயிறு, எல்லாம் நீங்கதான் சொல்லிக் குடுக்கணும். இந்தக் கடற்கரையில உங்களவிடத் தெரிஞ்சவங்க யாரு இருக்காவ?" எதிராளிகிட்டயே வந்து, கத்தியத் தீட்டித் தாங்கன்னு கேக்கான் பாருங்க! ஊரே சிரிச்ச முகமா என்னப் பாக்கு. சாமியாரு வேற, "சொல்லிக் குடும் தொபியாஸ், கேட்டு வாறவனுக்கு இல்லன்னு சொல்லலாமா"ங்காரு.

சொல்லிக் குடுத்தேன் தம்பி. எல்லாம் சரியாத்தான் சொன்னேன். எண்பதாம் நம்பரு நரம்பு, சரி. வெள்ளி மினுக்குற பொய்மீனு, சரி. படகு எவ்வளவு வேகம் போகணும், எவ்வளவு தூரம் பின்னால விடணும், எல்லாம் சரி. ஒண்ணே ஒண்ணுதான் மாத்திச் சொன்னேன். "முன்கயிறுக்குக் கம்பி வேண்டாம் மாப்பிள. கம்பின்னா மீனு கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிரும். அறுபதாம் நம்பரு நைலான் கட்டு, தண்ணியில தெரியவே தெரியாது"ன்னேன். வாயில வந்ததச் சொன்னேன், ஆனா எவ்வளவு அழகா வந்துட்டு பாருங்க. கோயில் வாசல்ல நின்ன தூண்டில்காரன் ரெண்டு பேரு ஒருத்தன ஒருத்தன் பாத்தானுங்க. எவனும் வாயத் திறக்கல. தொபியாஸ் சொன்னா அதுல ஏதோ சூட்சுமம் இருக்கும்னு நெனைச்சிருப்பானுங்க. அந்தப் பய, "சரி மாமா"ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனான். எனக்கு அன்னைக்கு மத்தியானச் சோறு ரெண்டு தட்டு இறங்குச்சு.

மறுநாளே கிளம்பிட்டான். அவன் சித்தப்பன் எஞ்சினப் பிடிக்க, இவன் பின்னால நரம்பப் பிடிச்சுக்கிட்டு. நானும் போனேன். எனக்கும் தொழில் இருக்குல்லா? அவன் போற பக்கம் நான் போகக்கூடாதுன்னு கடல்ல கோடா போட்டிருக்கு? கொஞ்சம் தள்ளியே ஓட்டிட்டுப் போனேன். வெயிலு ஏறுற நேரம், படார்னு அவன் நரம்பு விறைச்சுது. எழுந்திருச்சு நின்னான், ரெண்டு இழு இழுத்தான், அவ்வளவுதான். நரம்பு தொய்ஞ்சு போச்சு. வெறும் நுனி. பொய்மீனும் போச்சு. நான் மாதாவுக்கு ஒரு தோத்திரம் சொல்லிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டே கரைக்கு வந்தேன். எனக்கு மீனு இல்ல அன்னைக்கு. அதுக்காகப் பாடக் கூடாதா?

சாயங்காலம் வீட்டு வாசல்ல வந்து நிக்கான். "மாமா, அறுந்துட்டு. நான் முடிச்சு சரியாப் போடல போல. ஒருக்காப் போட்டுக் காட்டுங்க." புளோரா அவனுக்குக் காப்பி போட உள்ள ஓடுதா, எனக்கு அன்னைக்குக் காலையில இருந்து காப்பி இல்ல. சரி, போட்டுக் காட்டினேன். இங்கதான் தம்பி ஒரு தப்பு நடந்து போச்சு. முடிச்சையாவது கோணலாச் சொல்லிக் குடுத்திருக்கணும். நெனைச்சேன், ஆனா கை கேக்கல. தப்பு முடிச்சு போட இந்தக் கைக்கு வராது. எச்சில் தொட்டு, சுத்தி, இழுத்து, நகத்தால தள்ளி, நல்ல முடிச்சாவே போட்டுக் காட்டிட்டேன். அவன் அதையே பாத்துப் பாத்துப் போட்டான்.

அதுக்குப் பெறவும் அவனுக்கு அறுந்துது. ஒருக்கா இல்ல. ஒவ்வொரு தடவையும் வந்து, "என் மேலதான் தப்பு மாமா"ங்கான். ஒரு நாளாவது, கம்பி கட்டட்டுமான்னு கேக்கணுமே! கேக்க மாட்டேங்கான். வலைக்காரப் புத்தின்னு நான் புளோராட்ட சொன்னேன். அவ, "உங்க படகுல என்ன முன்கயிறு தொங்குது?"ன்னு கேட்டா. கம்பின்னேன். "அப்போ அவனுக்கு?"ன்னா. தொழில் ரகசியம் பொம்பளைக்கு எதுக்குன்னுட்டு எழுந்திருச்சுப் போயிட்டேன்.

சாம்பல் புதனுக்கு முந்தின நாளு. அன்னைக்குத் தண்ணியப் பாத்திருக்கணும் நீங்க. அப்படி ஒரு தெளிவு, கீழ பாறை தெரியுது. எம் படகுல நாலு நரம்பு, நாலும் கம்பி. அந்த மாசம் பூரா எனக்குச் சரியா மீனு கிடையாது. ஏதோ கெட்ட நேரம், எங்க அக்கா கண்ணு பட்டிருக்கும். தண்ணி தெளிவா இருந்தா மீனு கம்பியப் பாத்து ஒதுங்கும்னு சில பேரு சொல்லுதானுங்க. எனக்கு நம்பிக்கை இல்ல. நானே வாயில வந்ததச் சொன்ன பொய்யி அது, அது எப்படி உண்மையாகும்?

அந்தப் பய நரம்பு விறைச்சுது. எங்கூடி வந்தவன், "அண்ணே, அடிச்சுட்டு"ங்கான். அறுத்துரும்லேன்னேன். அறுக்கல. இவனுக்கு இழுக்கத் தெரியாதா, அதனால இழுக்கல. மீனு போற போக்குல நரம்ப விட்டுட்டு, மடியில வச்ச புள்ளையக் கையாளுற மாதிரி நிக்கான். தொழில் தெரிஞ்சவன் ஓங்கி இழுத்திருப்பான், அறுந்திருக்கும். ஒண்ணும் தெரியாததுதான் அவனுக்கு அதிர்ஷ்டமாப் போச்சு. கடைசியில கொக்கி போட்டு ஏத்தினானுங்க பாருங்க, சித்தப்பனும் அவனுமா ரெண்டு பேரு சேந்து! எம் மார்பு உயரம் இருக்கும் அந்தச் சீலா. நான் படகு விளிம்புல ஏறி நின்னு பாத்தேன் தம்பி. பொறாமையான்னு கேக்காதீங்க. அந்த மீனுக்காக வருத்தப்பட்டேன். அவ்வளவு பெரிய மீனு, கேவலம் ஒரு நைலான்ல வந்து மாட்டலாமா?

நான் பொழுது சாயக் கரைக்கு வாறதுக்குள்ள எங்க வாசல்ல கூட்டம். ரெண்டு ஊரும் நிக்கி. மேளம் வேற. ஜெஸ்லினத் தூத்துக்குடியில இருந்து கூட்டியாந்தாச்சு, என்னக் கேக்காமலே. மீன வாழையிலையில கிடத்தியிருக்கு. இவன் அந்த முன்கயிற எடுத்து எல்லாருக்கும் உயத்திக் காட்டுதான். நரம்பு பூரா பல்லுத் தடம். ஒரு இடத்துல நூல் கனத்துக்குத்தான் ஒட்டிக்கிட்டு இருக்கு, ஊதினா விழுந்துரும். "பாருங்க, எங்க மாமா சொன்ன நரம்பு! பல்லு பட்டும் அறல!"ங்கான். ஊரே கை தட்டுது. "வலைக்காரப் பயலுக்குத் தொழில் ரகசியத்தையே தூக்கிக் குடுத்துட்டானே தொபியாஸ், மாமனாருன்னா இப்படி இருக்கணும்"ங்கானுங்க. சாமியாரு என் தோளத் தட்டிக் குடுக்காரு. ஜெஸ்லின் அந்த நரம்ப வாங்கி விரல்ல உருட்டிப் பாத்தா. பெறவு என்னப் பாத்தா. நான் அரிவாளத் தேடப் போயிட்டேன்.

வெட்டினேன். என்ன செய்ய, ஊரு நிக்கில்லா. மூணு வெட்டு ஆச்சு, தலை விழ.

அதோட விட்டானுங்களா? எங்க ஊருல பாதிப் பேரு கம்பிய எடுத்துட்டு நைலான் கட்ட ஆரம்பிச்சுட்டானுங்க, தொபியாஸ் முறையாம்! கொஞ்ச பேருக்கு மீனு விழுந்துது, மிச்ச பேருக்குப் பொய்மீனு பூராவும் போச்சு. போனவன் எல்லாம் ராத்திரி எங்க வாசல்ல நின்னு ஏசுதான். பிடிச்சவன் பகல்ல வந்து கும்பிடுதான். நான் கம்பிதான் கட்டுதேன்னு யாருட்ட சொல்ல? குதிரை கீழ தள்ளினதும் இல்லாமக் குழியும் பறிச்ச கதைதான்.

அப்போதான் தூத்துக்குடியில பாய் கடைக்குப் போனேன். பக்கீர் பாய், பழக்கமான மனுசன், நரம்பு எல்லாம் அவருட்டதான் வாங்குறது. போன உடனே அவரு கேக்காரு, "என்ன தொபியாஸ், உம்ம மருமகன் அந்த அறுபதாம் நம்பர வச்சே சீலா பிடிச்சுட்டானாமே?" ஆமான்னேன். அவரு சொல்லுதாரு, "அவன் நரம்பு வாங்க வந்த அன்னைக்கே நான் சொன்னேனய்யா. தம்பி, சீலாவுக்கு இது தாங்காது, கம்பி வாங்கிட்டுப் போன்னு சொன்னேன். அதுக்கு அவன், எனக்கும் தெரியும் பாய், ரெண்டு மூணு பேரு சொல்லிட்டாங்கன்னான். பெறவு எதுக்குலே இதக் கேக்கன்னேன். மாமாவுக்கு வயசாயிட்டு பாய், எந்த மீனுக்குக் கம்பி, எதுக்கு நைலான்னு மறந்திருப்பாரு. கோயில் வாசல்ல அத்தன பேரு முன்னால நைலான்னு சொல்லிட்டாரு. நான் கம்பி கட்டிப் பிடிச்சா, தொபியாஸுக்குக் கயிறு தெரியலன்னு ஊரு சிரிக்கும். அதுக்கு இதுலயே பிடிக்கப் பாக்கேன்னான்."

கேட்டீயளா? எப்படிப்பட்ட மடையன் பாருங்க! அறுந்து போகும்னு தெரியுது. தெரிஞ்சே வாங்குதான், தெரிஞ்சே கட்டுதான். சாம்பல் புதனு நெருங்குது, பொண்ணு கையவிட்டுப் போகப் போகுது, அப்பவும் மாத்த மாட்டேங்கான். இவன் கையில எம் புள்ளையக் குடுத்தா என்ன ஆகும்? அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வீட்டுக்கு ஓடினேன். கல்யாண அறிவிப்பு ஓலை வாசிச்சாச்சு கோயில்ல, ஆனா இன்னும் நேரம் இருக்குல்லா நிறுத்த?

ஜெஸ்லின் அடுக்களையில உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. எல்லாத்தையும் சொன்னேன். பாய் சொன்னது, அவன் சொன்னது, ஒண்ணு விடாம. "ஏட்டி, அறுந்து போற கயிறுன்னு தெரிஞ்சும் கட்டியிருக்காம்ட்டி. இந்தக் கிறுக்கனையா கட்டப் போற?"ன்னு கேட்டேன்.

அவ கையில இருந்த வெங்காயத்தக் கீழ வச்சா. "அறுந்து போற கயிறுன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமாப்பா?"ன்னா.

என்ன கேள்வி பாருங்க! நான் அவனப் பத்திப் பேசுதேன், அவ என்னப் பத்திக் கேக்கா. புளோரா பின்னால நின்னு, "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டீயளே"ன்னு தலையில அடிச்சுக்கிடுதா. தெரியாதுன்னு சொன்னா, தொபியாஸுக்குக் கயிறு தெரியாதுன்னு ஆகும். நாப்பது வருசத் தொழிலு. "எனக்குத் தெரியாதாட்டி? சீலாவுக்கு நைலான் ஆகாதுன்னு எனக்கா தெரியாது?"ன்னேன். வாய மூடின பெறவுதான் என்ன சொன்னேன்னு உறைச்சுது.

அவ அழல தம்பி. அழுதிருந்தா சமாதானம் பண்ணியிருப்பேன். அழாமச் சொன்னா: "அவரு நீங்க மறந்துட்டீயன்னு நெனைக்காரு. அப்படியே நெனைக்கட்டும். வேணும்னே செஞ்சீயன்னு தெரிஞ்சா, அவரு மன்னிச்சிருவாரு. எங்க அப்பாவ இன்னொருத்தரு மன்னிக்கிறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. கயிறப் பத்தி எப்பப் பேச்சு வந்தாலும் மறந்துட்டேன்னு சொல்லுங்க. ஒருக்கா நீங்க வாய விட்டாலும் நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்." சொல்லிட்டு அடுத்த வெங்காயத்த எடுத்துட்டா.

எனக்கு அது எப்படி வலிச்சுதுன்னு உங்களுக்குச் சொல்லத் தெரியல. ஒத்தப் புள்ள. அவ வராத வீட்டுல நானும் புளோராவும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டா இருக்க? சரின்னுட்டேன்.

அது ஆச்சு ரெண்டு வருசம். இப்போ மருமகன் படுத்துற பாடு இருக்கே! நான் மறதிக்காரன்னு முடிவே கட்டிட்டான். கடலுக்குக் கிளம்பினா எம் படகுல ஏறி, "மாமா, கம்பி கட்டியிருக்கீயளா, பாத்துக்கிட்டீயளா"ன்னு ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாக்கான். நான், தொபியாஸு! எனக்கு ஒரு வலைக்காரன் கம்பியச் சரி பாக்கான்! தண்ணிக் கேனு எடுத்தீயளா, மாத்திரை போட்டீயளா, கண்ணாடி எங்கன்னு பச்சப் புள்ளையக் கேக்கிற மாதிரி கேக்கான். அதுவும் எவ்வளவு அன்பாக் கேக்கான்னு நெனைக்கீய. ஏசினாலாவது திருப்பி ஏசலாம். ஜெஸ்லின் வாசல்ல நின்னு எம் வாயவே பாத்துக்கிட்டு இருப்பா. நான் என்ன சொல்லுதேன்னு.

ஊருல யாருட்டயும் சொல்ல முடியாது. அதான் உங்கள மாதிரி அசலூருக்காரங்க எவராவது நூலும் கையுமா ஏறினா பக்கத்துல வந்து உக்காந்துக்கிடுதேன். நீங்களாவது தெரிஞ்சுக்கோங்க தம்பி. நான் மறக்கல. எனக்குக் கயிறு தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். நல்ல மூளையோட, நிதானமா, யோசிச்சுச் செஞ்ச காரியம் அது. ஒரு மனுசன் தன் தொழிலுக்கு இந்த மரியாதையாவது எதிர்பாக்கக் கூடாதா?

அந்தா, எங்க ஊருக்குப் பிரியுற விலக்கு வந்துட்டு. பேரனுக்கு இன்னைக்கு ஞானஸ்நானம். மருமகன் கூப்பிட வந்து நிக்கான் பாருங்க, குடையும் கையுமா. இந்த வெயிலுல எனக்குக் குடை! நீங்க வாயத் திறந்துராதீங்க தம்பி, உங்களக் கும்பிடுதேன். அந்தப் பச்சை நூல மாத்திருங்க, என்ன?

வாறேன் மாப்பிள, வாறேன்... படியப் பாத்துத்தான் இறங்குதேன், கைய விடு... இவரா? மதுரைக்காரத் தம்பி, மீனு பிடிக்கப் போறாராம்... ஆமா, என்ன முன்கயிறு கட்டணும்னு என்ட்ட கேட்டாரு... எனக்கு என்ன மாப்பிள தெரியும்? எல்லாம் மறந்துட்டேன்.